மிஷின் நம்ம பேரில், பராமரிப்பும் நம்ம கையில்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தீர்மான நோட்டு என்று நிறையப் பாடம் படித்திருக்கிறோம். இந்தப் பாடம் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். களை எடுக்கும் மிஷினை, அதாவது நாம் பவர் வீடர் என்று சொல்கிற மிஷினை, எப்படிச் சுத்தம் செய்வது, அதன் ஓடுகிற பாகங்களை எப்படிக் காப்பது என்று பார்ப்போம். மிஷின் வாங்கி வாடகைக்கு விடும் குழுவுக்கும் இது உதவும். வாங்கலாமா என்று யோசிக்கும் குழுவுக்கும் உதவும்.

"அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், ஓட்டுற தம்பி பாத்துக்கும்" என்று சிலர் சொல்வாங்க. தம்பி ஓட்டட்டும், தப்பில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? நம்முடையது. மிஷின் நின்றால் தம்பி வேறு வேலைக்குப் போய்விடும். தவணை மட்டும் நிற்காது.

முதலில் ஒரு கணக்கு

புரிவதற்காக ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாள் வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். களை சீசனில் கியர் பாக்ஸ் கெட்டு, சாமான் வந்து, மெக்கானிக் பிரித்துப் பூட்ட 8 நாள் ஆகிறது. 8 பெருக்கல் 1,200, வாடகை மட்டும் 9,600 ரூபாய் போச்சு. சாமான் செலவு, மெக்கானிக் கூலி, வண்டிச் சத்தம் எல்லாம் தனி. அந்த 8 நாளும் வங்கி வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். "உங்க மிஷினை நம்ப முடியாதுப்பா" என்று அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடும் விவசாயியின் கணக்கை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

இவ்வளவு நஷ்டமும் பல நேரம் தொடங்குவது ஒரு சின்ன ரப்பர் வளையத்தில். அதன் பெயர் ஆயில் சீல். இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கு.

மிஷினுக்குள் என்ன நடக்கிறது?

பவர் வீடரின் அடியில் குறுக்காக ஒரு இரும்புத் தண்டு உண்டு. அதை ஷாஃப்ட் என்போம். அதன் இரண்டு பக்கமும் கத்திகள். இன்ஜின் சுற்றும் வேகத்தை கியர் பாக்ஸ் குறைத்து, பலமாக்கி, ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கிறது. கத்தி மண்ணைக் கொத்தி, களையை வேரோடு கிளறிப் போடுகிறது.

கத்திகளைப் பார்த்தால் நுனி மடங்கி 'எல்' எழுத்து மாதிரி இருக்கும். இதற்கு ஒரு வரலாறு இருக்கு. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவார்டு என்கிற விவசாயி வீட்டுப் பையன் 1912-இல் சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். கத்தி மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தது. கத்தியை 'எல்' வடிவில் மடித்துப் போட்டதும் அந்தத் தொல்லை குறைந்தது. 1920-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் 1967-இலும், கேரளாவில் அத்தாணியில் காம்கோ நிறுவனம் 1973-இலும் தொடங்கப்பட்டு பவர் டில்லர் செய்தன. நம் கையில் இருக்கும் சின்ன வீடர் அந்த வழியில் வந்த தங்கச்சிதான்.

இப்போது ஆயில் சீலுக்கு வருவோம். ஷாஃப்ட் கியர் பாக்ஸை விட்டு வெளியே வரும் இடத்தில் இரண்டு பக்கமும் இந்த ரப்பர் வளையம் இருக்கும். உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே போகாமலும், வெளியே இருக்கிற மண் உள்ளே வராமலும் இதுதான் காவல்.

மிஷின் ஓடும்போது புல்லும் நாரும் ஷாஃப்ட்டைச் சுற்றும். கத்திக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் இறுக்கமாக ஏறும். அதற்கு அப்புறம் நடப்பதை வரிசையாகப் பாருங்கள்.

1. சுற்றிய நார் ரப்பரோடு உரசுகிறது. சூடு ஏறுகிறது.
2. ரப்பரின் உதடு தேய்கிறது, கிழிகிறது.
3. எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. ஒழுகிய எண்ணெயில் மண் ஒட்டுகிறது.
4. அந்த மண் உள்ளே போகிறது. பேரிங்கும் பல்சக்கரமும் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி தேய்கின்றன.
5. ஒரு நாள் 'கடகட' என்று சத்தம் கேட்கும். அப்போது செலவு பெரிசாகிவிட்டிருக்கும்.

முதல் படியிலேயே நிறுத்தினால் செலவு எவ்வளவு? பத்து நிமிடம், ஒரு பழைய கத்தி, ஒரு துண்டுத் துணி. அவ்வளவுதான்.

நம்ம நிலத்தில் எதெல்லாம் சுற்றும்?

அருகம்புல், கோரை, கரும்புச் சோகை. இவை எல்லாருக்கும் தெரிந்தது. இதைவிடக் கெட்டது மனிதர் போட்டது. உர மூட்டையின் நைலான் நூல், அறுந்த சொட்டுநீர்க் குழாய், மூடாக்குப் போட்ட பிளாஸ்டிக் தாள், பந்தல் கட்டிய கம்பி, பன்றி வராமல் வேலியாகக் கட்டி கிழிந்துபோன பழைய புடவை. புல் அறுந்துவிடும், நைலான் அறுகாது. சூட்டில் உருகி, தண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. செல்லிப்பட்டு சங்கராபரணிக் கரை ஊர். வீடூர் அணையைத் திறந்தால் ஆற்றில் தண்ணீர் ஏறும். 2021 நவம்பர் வெள்ளத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணை உடைந்தது மறந்திருக்காது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த நிலத்தில் துணி, பிளாஸ்டிக், முள்கிளை, பாட்டில் ஓடு எல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் மிஷினை இறக்கும் முன் ஒரு ஆள் வரிசை வரிசையாக நடந்து பொறுக்கிப் போட வேண்டும். நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நிலத்தைப் பொறுக்கி வெச்சாத்தான் மிஷின் இறங்கும்." இதைச் சொல்ல வெட்கம் வேண்டாம்.

கை வைக்கும் முன்

இது பாடத்தின் முக்கியமான பகுதி. கூட்டத்தில் இதை ஒருவர் உரக்கப் படியுங்கள்.

நம் நாட்டில் கதிர் அடிக்கும் மிஷினில் கை கொடுத்துக் கையிழந்த கூலித் தொழிலாளர்கள் ஏராளம். அந்தக் கொடுமையைத் தடுக்க 1983-இல் பாராளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே போட வேண்டி வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கும். விரல் நம்மிடம்தான் இருக்கு.

* இன்ஜினை நிறுத்தாமல் ஒரு புல்லைக்கூட இழுக்காதீர்கள். "கிளட்சை விட்டுட்டேன், கத்தி நின்னுடுச்சு" என்பது போதாது.
* பெட்ரோல் மிஷின் என்றால் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கத்தியைக் கையால் சுற்றும்போது இன்ஜின் தப்பித்தவறி உயிர் பெறாமல் இருக்க இதுதான் பூட்டு. டீசல் மிஷின் என்றால் நிறுத்தும் நெம்பு நிறுத்திய நிலையிலேயே இருக்கட்டும்.
* சைலன்சர் ஆற விடுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள்.
* புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, மேலே ஒரு முழுக்கைச் சட்டை போடுங்கள். சுரிதார் போடும் தங்கச்சிகள் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வாங்க. சடையைக் கொண்டை போடுங்கள். செருப்பு வேண்டாம், பூட்ஸ் போடுங்கள்.
* பின்னால் போகும் கியர் போடும்போது உங்கள் பின்னால் மரமோ, சுவரோ, வரப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் சிக்கினால் கத்தி நம் கால் பக்கம் வரும்.
* பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

வேலை முடிந்ததும் பத்து நிமிடம்

1. மிஷினைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மேலே சொன்ன பாதுகாப்பை முடியுங்கள்.

2. கைப்பிடிப் பக்கம் சாய்த்து, கத்தி மேலே தூக்கி நிற்கும்படி கட்டையால் முட்டுக் கொடுங்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் கீழே போகக் கூடாது. போனால் இன்ஜின் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.

3. கத்தியில் ஒட்டிய மண்ணை மரக்குச்சியால் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே செய்தால் சுலபம். காய்ந்தால் அடை மாதிரி பிடித்துக்கொள்ளும்.

4. கையுறை போட்டுக்கொண்டு, சுற்றிய புல்லையும் நூலையும் கத்தியால் குறுக்கே அறுத்து எடுங்கள். அறுக்கும்போது கத்தி கியர் பாக்ஸ் பக்கம் போகாமல் வெளிப்பக்கம் நகரட்டும். ரப்பரில் பட்டால் நாமே கிழித்த மாதிரி ஆகும். இடுக்கில் இறுகியிருந்தால் கத்திக் கூட்டைப் பிடித்திருக்கும் பின்னை எடுத்து, கூட்டையே வெளியே உருவிச் சுத்தம் செய்யலாம். வாரம் ஒரு முறையாவது உருவிப் பாருங்கள். மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரியும், உள்ளே நைலான் உட்கார்ந்திருக்கும்.

5. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் ஈரம் இருக்கிறதா? இருந்தால் நோட்டில் எழுதுங்கள்.

6. இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக இருப்பதுதான் அதைக் குளிர வைக்கும் இடம். இந்த இன்ஜினுக்குத் தண்ணீர்த் தொட்டி கிடையாது, காற்றுதான் அதற்கு விசிறி. தகட்டு இடுக்கிலும், கயிறு இழுக்கும் மூடியின் சல்லடையிலும் உமி, காய்ந்த புல், தூசி அடைந்தால் இன்ஜின் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

7. தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் இன்ஜின் ஆறிய பிறகு, கத்திக்கும் சக்கரத்துக்கும் மட்டும். ஏர் ஃபில்டர், பிளக், சைலன்சர் பக்கம் பீய்ச்ச வேண்டாம். கழுவிய பிறகு துடைத்து, பிளக் தொப்பியை மாட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு ஈரத்தைக் காய வையுங்கள்.

8. கத்திக்கு லேசாக எண்ணெய் தடவி நிழலில் நிறுத்துங்கள்.

ஓடுகிற பாகங்களுக்கு ஒரு கால அட்டவணை

ஒவ்வொரு மிஷினுக்கும் கம்பெனி கொடுத்த புத்தகம் உண்டு. அதில் சொன்னதே முதல் வார்த்தை. நம்மிடம் இருக்கும் 5 முதல் 7 எச்.பி. பெட்ரோல் மிஷின்களுக்குப் பொதுவாக வருவது இதுதான்:

*தினமும், ஸ்டார்ட் செய்யும் முன்:* இன்ஜின் ஆயில் அளவு, கத்தி போல்ட், சக்கரப் பின், கைப்பிடி நட்டு. அதிர்வில் நட்டு கழன்றுகொண்டே இருக்கும். ஒரு ஸ்பானர் எப்போதும் மிஷினோடு போகட்டும்.

*தூசி நிலத்தில் ஓட்டினால் அன்றன்றே:* ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்சு மாதிரி இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நன்றாகக் காயவைத்து, புத்தகத்தில் சொல்லியிருந்தால் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரை நனைக்கவே கூடாது, மெல்லத் தட்டினால் போதும். ஃபில்டர் இல்லாமல் "இன்னிக்கு ஒரு நாள்" என்று ஓட்டினால் மண் நேராக இன்ஜினுக்குள் போகும்.

*முதல் 20 மணி நேரம் ஓடியதும்:* இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். புது இன்ஜின் தேய்ந்த இரும்புத் தூள் அதில் இருக்கும். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறை, எது முன்னால் வருகிறதோ அது. இந்த அளவு இன்ஜினுக்கு சுமார் 600 மில்லி பிடிக்கும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

*வாரம் ஒரு முறை:* பெல்ட் இருக்கும் மிஷினில் பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் போல இறங்கினால் சரி. தொளதொள என்று இருந்தால் வழுக்கும், ரொம்ப இறுகினால் பேரிங் போகும். கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிளில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கைப்பிடியை விட்டதும் கத்தி நிற்கிறதா என்று சோதியுங்கள். நிற்காவிட்டால் அதைச் சரி செய்யாமல் மிஷின் வாசலைத் தாண்டக் கூடாது.

*கத்தி மாற்றும்போது:* இடது கத்தி வேறு, வலது கத்தி வேறு. கூர்ப்பக்கம் மிஷின் சுற்றும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மண்ணை வெட்டாமல் மிஷின் குதிக்கும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் அதிர்வு வரும், ஜோடியாக மாற்றுங்கள்.

கியர் பாக்ஸ் பேசும் மொழி

இரவில் மிஷினுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். ஷாஃப்ட்டுக்கு நேர் கீழே எண்ணெய் வட்டம் இருந்தால் ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இப்போதே மாற்றினால் சின்னச் செலவோடு போகும்.

கியர் ஆயிலைப் பார்க்கும்போது பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினு என்று தூள் தெரிந்தால் பல் தேய்கிறது. இரண்டுக்கும் மிஷினை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். எண்ணெயை மட்டும் ஊற்றி ஊற்றி ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது மாதிரிதான்.

சீசன் முடிந்தால், வெள்ளம் வந்தால்

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் கார்பரேட்டரில் பிசின் பிடிக்கும், துருவும் ஏறும். ஆகவே சீசன் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆயில் மாற்றி, கத்திக்கு கிரீஸ் தடவி, மூடி வையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் மிஷினை மேடான இடத்துக்கு ஏற்றுங்கள். ஒருவேளை தண்ணீரில் மூழ்கிவிட்டால், ஆசையில் கயிற்றை இழுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது இழுத்தால் இன்ஜின் உடையும். பிளக்கைக் கழற்றி, பெட்ரோல், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மெக்கானிக் வரும்வரை காத்திருங்கள்.

மிஷினுக்கும் ஒரு பாஸ்புக்

சேமிப்புக்குப் பாஸ்புக் இருக்கிற மாதிரி மிஷினுக்கும் ஒரு நோட்டு போடுவோம். தேதி, யார் நிலம், எத்தனை மணி நேரம், பெட்ரோல், சுத்தம் செய்தவர், கண்ட குறை, கையெழுத்து. ஏழு கட்டம் போதும். மணி நேரம் எழுதினால்தான் 100 மணி எப்போது வந்தது என்று தெரியும். 'சுத்தம் செய்தவர்' கட்டத்தில் தம்பியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. முறை வைத்து ஒரு உறுப்பினர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலைக்கும் வாடகையிலிருந்து ஒரு சின்னத் தொகை கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். சும்மா செய்யும் வேலை நாளடைவில் நின்றுபோகும்.

ஒவ்வொரு வாடகையிலும் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாகத் தனியாக எடுத்து வையுங்கள். ஆயில், ஃபில்டர், கத்தி, சீல் எல்லாம் அதிலிருந்து. கத்தி தேய்வது இன்று சம்பாதிப்பதற்கான செலவு. அதை அடுத்த வருஷத்துத் தலையில் கட்டக் கூடாது.

2014-15-இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் என்று விதி வைத்தது. இந்த வருஷம் என்ன மிஷினுக்கு, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. மிஷின் பராமரிப்புப் பயிற்சி வேண்டும் என்று குழுவாக மனு எழுதிக் கொடுங்கள். மிஷின் வாங்கும்போதே கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆயில் சீலும் கத்தியும் உங்களிடம் இருப்பு இருக்கா? எங்க குழுப் பெண்களுக்கு முன்னாடி ஒரு தடவை கழற்றிப் பூட்டிக் காட்டுவீங்களா?

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் மிஷினில் ஆயில் சீல் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குக் காட்டத் தெரியும்?
2. கடைசியாக இன்ஜின் ஆயில் மாற்றிய தேதி நோட்டில் இருக்கிறதா?
3. சுத்தம் பார்க்கும் முறையை இந்த மாதம் யார் யார் எடுத்துக்கொள்வது? கூலி எவ்வளவு?
4. பிளக் தொப்பியைக் கழற்றாமல் புல் எடுப்பவரைப் பார்த்தால் என்ன செய்வோம்?

வீட்டுப் பாடம்: அடுத்த கூட்டத்துக்கு முந்தின இரவு மிஷினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, காலையில் அதை மடித்துக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தாள் காய்ந்திருந்தால் நல்லது. வட்டம் விழுந்திருந்தால் அன்றைக்கு முதல் தீர்மானம் அதைப் பற்றியதாக இருக்கட்டும்.